பாடாங் செராயிலிருந்து வாதி ரம்: பாலைக் குன்றில் மாற்ற வேண்டிய கைப்பழக்கம்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு மலை என்றால் ஜெராய்தான். 1,217 மீட்டர் உயரம். வழுக்கினால் வேரைப் பிடிக்கலாம், தாகம் எடுத்தால் ஓடை கிடைக்கும், தலைக்கு மேல் மரநிழல். ஜோர்டானின் வாதி ரம் பாலையில் இது எதையும் நம்பி ஏற முடியாது. கூட்டாளியோடு கிளம்புகிறவர்கள் உடம்பைவிடப் பழக்கத்தைத்தான் முதலில் தயார் செய்ய வேண்டும்.

அங்கே பலரும் தேடிப்போவது உம் அத் தாமி மலை. 1,854 மீட்டர், ஜோர்டானிலேயே ஆக உயரம், சவூதி எல்லையோரம். ரம் கிராமத்திலிருந்து பாலையில் வாழும் பெதுவின்காரர்களின் ஜீப்பில் மணலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். ஏற்றம் சுலபம், சின்னக் கற்குவியல்கள் வழி காட்டும். ஆள் நடமாட்டம் வேண்டாம் என்றால் ஜபல் அல் ஹாஷ் மலைக்குப் போங்கள். எங்கள் ஓட்டு அதற்கே.

இங்கே பெரும்பாலும் மணற்பாறை. அதன் மேல்தோல் சில இடங்களில் அப்பளம் மாதிரி பெயர்ந்து வரும். கைவைக்கும் முன் விரல் முட்டியால் தட்டுங்கள். கெட்டிச் சத்தம் கேட்டால் பிடிக்கலாம். உள்ளே காலியாகக் கேட்டால் விட்டுவிடுங்கள். நல்ல பிடியையும் வெளியே இழுக்காமல் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். வேரை இழுத்து ஏறிப் பழகிய கை இதற்கு லேசில் இணங்காது. சரிவில் பயந்து பாறையோடு ஒட்டிச் சாய்ந்தால் கால் வழுக்கும், ஏனென்றால் எடை பாதத்தில் இறங்காது. நிமிர்ந்து நில்லுங்கள்.

‘அடிடாஸ் கம்போங்’ என்று நாம் சொல்லும் கறுப்பு ரப்பர் காலணி நம் சேற்றுக்கு அருமை. காய்ந்த பாறையில் அதன் குமிழ் முனைகள் மட்டுமே படுவதால் பிடிப்பு குறையும். காற்றும் புகாததால் கால் வெந்து கொப்புளிக்கும். தட்டையான, ஒட்டும் ரப்பர் அடி உள்ள காலணியே வேண்டும்.

தண்ணீர் ஆளுக்கு 4 லிட்டராவது. நம் ஊரில் வேர்வை சட்டையை நனைத்து எச்சரிக்கும். அங்கே வந்த வேகத்தில் உலர்ந்துவிடும், எவ்வளவு இழந்தோம் என்றே தெரியாது. உப்புச்சத்துப் பொட்டலம் இரண்டு வையுங்கள். பாதித் தண்ணீர் தீர்ந்தால், உச்சி எவ்வளவு பக்கத்தில் தெரிந்தாலும் திரும்புங்கள்.

குறுகிய பாறைப் பிளவில் இருவரும் ஒன்றாக ஏறக்கூடாது. மேலே போனவர் ஓரமாக ஒதுங்கிக் குரல் கொடுத்த பிறகே அடுத்தவர் ஏறட்டும். அதுவரை கீழே இருப்பவர் கல் விழும் பாதையை விட்டு விலகி நிற்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்து வழியைப் படம் எடுங்கள். ஏறியபோது தெளிவாக இருந்த தடம் இறங்கும்போது வேறாகத் தெரியும்.

நமக்கு வருடம் முழுக்க ஏழு மணிவரை வெளிச்சம். அங்கே டிசம்பரில் ஐந்தரை மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும், குளிரும் உடனே இறங்கும். தலைவிளக்கும் கனமான மேல்சட்டையும் பையிலேயே இருக்கட்டும்.

மழை பெய்திருந்தால் ஏறாதீர்கள். நனைந்த மணற்பாறை வலுவிழந்து பிடி உடையும். மேல்பகுதி காய்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். பள்ளத்தாக்கில் வெள்ளமும் திடீரென வரும். அன்றைக்கு ஜீப் ஓட்டுநர் ‘வேண்டாம்’ என்று சொன்னால் பேரம் பேசாமல் அவர் பேச்சைக் கேளுங்கள்.