ஜப்பான் குட்டி லாரியும் எங்கள் மாந்தோப்பும்

சந்தூரில் எங்கள் தோப்புப் பாதை ஆறடி அகலம்தான். வைகாசியில் செந்தூரா கூடைகள் ரோட்டுக்கு வருவது தலைச்சுமையாகத்தான். அம்மாவின் சும்மாட்டுத் துணியில் மாம்பால் கறை போவதே இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் சித்தி மகன் சுசுகி கேரி என்ற பழைய ஜப்பான் குட்டி லாரி ஒன்றை வாங்கிப் படம் அனுப்பினான். 660 சிசி, அகலம் 1.48 மீட்டருக்குள். எங்கள் பாதைக்கே அளவெடுத்த மாதிரி! அங்கே 25 வருடம் பழசானால் இறக்குமதி சுலபம். பதிவு மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுமாம்.

நம் நாட்டில் நேர் எதிர். பழைய வண்டி இறக்க, தயாரித்து 3 வருடத்துக்குள் இருக்க வேண்டும், ஸ்டியரிங் வலப்பக்கம் வேண்டும். பதிவுக்குக் கஸ்டம்ஸ் சான்றிதழும் கட்டாயம். ஸ்டியரிங் சரி, வயதுதான் இடிக்கிறது. சிறு விவசாயிக்கு இதில் ஒரு வழி விடலாம் என்றே நினைக்கிறேன்.

இப்போதைக்குப் பாதையோரக் கல்லைப் பெயர்க்க ஆள் சொல்லியிருக்கிறேன். ஏழடி ஆனால் உள்ளூர் மினி லாரியே உள்ளே வரும்.