தேர்வுக்குப் படித்த ஒரு வரி

மதுரையில் டிஎன்பிஎஸ்சிக்குப் படித்த மூன்று வருஷமும் ஒரு அட்டவணை எனக்குத் தலைகீழ்ப் பாடம். நம் அரசியலமைப்பு எந்த நாட்டிலிருந்து எதை எடுத்தது என்ற பட்டியல் அது. அடிப்படை உரிமைகள் அமெரிக்கா, வழிகாட்டி நெறிமுறைகள் அயர்லாந்து, நெருக்கடி நிலையில் அடிப்படை உரிமைகளை நிறுத்திவைப்பது ஜெர்மனியின் வெய்மர் அரசியலமைப்பு. ஹிட்லருக்கு முன்பிருந்த ஜெர்மன் குடியரசின் அரசியலமைப்பு 1919-இல் உருவான ஊர்தான் வெய்மர்; அது ஊரா ஆளா என்றுகூட அப்போது யோசித்ததில்லை. ஒரு கேள்வி வரலாம், அவ்வளவுதான்.

கல்யாணமாகி பெர்லின் வந்ததும், வெளிநாட்டிலிருந்து குடியேறுபவர்களுக்கான இன்டகிரேஷன் கோர்ஸில் சேர்ந்தேன். மொழிக்கு 600 மணி நேரம், அப்புறம் இந்த நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்க்கைமுறைக்கு 100 மணி நேரம். கடைசியில் 33 கேள்விகளுக்கு ஒரு தேர்வு, அதில் 17 சரியாக இருந்தால் குடியுரிமைக்கும் அதைக் காட்டலாம். கேள்விகள் முன்கூட்டியே வெளியாகியிருக்கும் என்பதால் மனப்பாடம் செய்துவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் போய் உட்கார்ந்தேன்.

ஒருநாள் ஆசிரியை பலகையில் வெய்மர் அரசியலமைப்பின் ஏழு பிரிவு எண்களை எழுதினார்: 114, 115, 117, 118, 123, 124, 153. தனிமனித சுதந்திரம், வீட்டுக்குள் போலீஸ் நுழையாமை, கடித ரகசியம், பேச்சு, கூட்டம், சங்கம், சொத்து. அதே அரசியலமைப்பின் 48-வது பிரிவு, ஆபத்துக் காலத்தில் இந்த ஏழு உரிமைகளையும் நிறுத்திவைக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்குக் கொடுத்திருந்தது. ஏழு எண்களையும் ஒரே கோட்டில் அடித்துவிட்டு, "28 பிப்ரவரி 1933" என்று பக்கத்தில் எழுதினார். நாடாளுமன்றக் கட்டடம் எரிந்ததற்கு மறுநாள் அது. "மறு அறிவிப்பு வரும் வரை" என்று போட்ட அந்த ஆணை 1945 வரை விலக்கப்படவே இல்லை. பக்கத்தில் இருந்த சிரியாக்காரர் மெதுவாகச் சொன்னார்: "எங்கள் நாட்டில் நெருக்கடி நிலை 48 வருஷம், 1963-லிருந்து 2011 வரை."

என் அட்டவணையின் வரி இதுதானா என்று அன்று தூக்கமே வரவில்லை. அதற்குப் பிறகு தேர்வை மறந்துவிட்டுப் படித்தேன்.

1928 தேர்தலில் நாஜிக் கட்சிக்கு 2.6 சதவீதம். பொருளாதாரம் படுத்து, வேலையில்லாதவர்கள் 60 லட்சத்தைத் தொட்ட 1932-இல், ஜூலைத் தேர்தலில் 37.3. ஆனால் அதே வருஷம் நவம்பரில் 33.1 ஆக இறங்கியது, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. சுதந்திரமான எந்தத் தேர்தலிலும் ஹிட்லர் பெரும்பான்மை பெறவில்லை. அவருக்கு முன்பே, 1930-லிருந்து, பெரும்பான்மை இல்லாத பிரதமர்கள் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கின் கையெழுத்தை வாங்கி 48-வது பிரிவின் அவசர ஆணைகளால்தான் நாட்டை ஓட்டினார்கள். நாடாளுமன்றம் இல்லாமலே ஆட்சி நடக்கும் என்பது மக்களுக்குப் பழகிப்போயிருந்தது. என்னைக் கேட்டால், தீ வைத்த இரவைவிட இந்த மூன்று வருஷப் பழக்கம்தான் பெரிய கேடு. 1933 ஜனவரி 30-இல் ஹிட்லரைப் பிரதமராக்கியவர்கள், அவரைத் தாங்கள் கட்டுக்குள் வைத்துக்கொள்வோம் என்று நம்பினார்கள்.

மார்ச் 23-இல், நாடாளுமன்றம் எரிந்துவிட்டதால் க்ரோல் ஓபரா அரங்கில், அரசே சட்டம் இயற்றிக்கொள்ளலாம் என்ற மசோதா வந்தது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை உள்ளேயே விடவில்லை. சுற்றிலும் நாஜிகளின் சீருடைப் படை. அங்கே எழுந்து நின்று சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ வெல்ஸ் சொன்னார்: "எங்கள் சுதந்திரத்தையும் உயிரையும் பறிக்கலாம், மானத்தைப் பறிக்க முடியாது." ஆதரவு 444, எதிர்ப்பு 94. எதிர்த்தவர்கள் எல்லோருமே அவர் கட்சிக்காரர்கள்.

நம் ஊரில் 'மிசா' என்று சொன்னாலே பெரியவர்களின் முகம் மாறுமே, 1975 நெருக்கடி நிலையில் ஜெர்மனியிலிருந்து போன அந்த வரிதான் அங்கே வேலை செய்தது. 1978-இல் 44-வது திருத்தம் வந்த பிறகுதான் உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான 21-வது பிரிவை எந்த நெருக்கடியிலும் தொட முடியாது என்றானது.

தேர்வு முடிந்த வாரம், அன்று எரிந்த அந்த நாடாளுமன்றக் கட்டடமான ரைக்ஸ்டாக்கின் வாசலுக்குப் போனேன். அங்கே ஓரமாக, நிமிர்த்தி அடுக்கிய உடைந்த சிலேட்டுகள் மாதிரி 96 வார்ப்பிரும்புப் பலகைகள் நிற்கின்றன, நாஜிகள் கொன்ற நாடாளுமன்ற உறுப்பினர்களுக்காக. மேல் விளிம்பில் பெயர், கட்சி, இறந்த இடம், நாள். படிக்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். நல்ல குளிர், கையுறையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பெயரின் மேலும் விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனேன்.