தேர்தல் நன்கொடை விதிகளைத் திருத்தப் போன 14 மாதங்கள்

போன உள்ளாட்சித் தேர்தலில் தெரிந்தவர் ஒருவர் வார்டு உறுப்பினர் பதவிக்கு நின்றார். கணக்கு எழுத ஆள் வேண்டும் என்றார், சரி என்று தலையாட்டினேன், பொருளாளர் என்று என் பெயரைப் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் எனக்கும் இந்த விஷயத்துக்கும் இருந்த தொடர்பு. படிவத்தில் "பெறப்பட்ட நன்கொடைகள்" என்று ஒரு கட்டம் இருந்தது. அச்சகக்காரர் ஒருவர் நோட்டீஸ்களைப் பாதி விலைக்கு அடித்துக் கொடுத்திருந்தார். அவர் விட்டுக்கொடுத்த அந்த மீதிப் பாதி நன்கொடையா இல்லையா? தேர்தல் அலுவலகத்தில் இரண்டு பேரிடம் கேட்டேன், ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். இல்லை என்றவரை நம்பி எழுதாமல் விட்டேன். மூன்று மாதம் கழித்து அபராத நோட்டீஸ் வந்தது.

தொகை பெரிதில்லை. ஆனால் நன்கொடையை மறைத்தவர்கள் பட்டியலில் என் பெயரும் ஏறிவிட்டது. எரிச்சலில் உள்ளாட்சி மன்றத்துக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். விதிகளைத் திருத்த ஏழு பேர் கொண்ட குழு அமைக்கிறோம், நீங்களும் விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

குழுவுக்குப் போகும்போது, எல்லோரையும் போல நானும் நன்கொடை உச்சவரம்பை எவ்வளவு குறைப்பது என்பதுதான் சண்டையாக இருக்கும் என்று நினைத்தேன். அது இரண்டே கூட்டத்தில் முடிந்துவிட்டது. குறைக்கக் குறைக்க நல்லது என்று நான் ஆரம்பித்தேன், குழுவில் இருந்த வழக்கறிஞர் வெர்மான்ட் கதையைச் சொன்னார். அமெரிக்காவின் அந்தச் சின்ன மாநிலம், மாநில அவை வேட்பாளருக்கு ஒருவர் தரக்கூடிய தொகையை இரண்டு வருடத் தேர்தல் காலத்துக்கும் சேர்த்து 200 டாலர் என்று வைத்தது. 2006-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. இவ்வளவு குறைந்த வரம்பு, பதவியில் இருப்பவரை எதிர்த்து நிற்கும் புது ஆளைத்தான் முடக்கும் என்பது அங்கே எழுந்த முக்கியமான கவலை. யோசித்தால் சரிதான். பதவியில் இருப்பவர் பெயர் ஏற்கனவே ஊருக்குத் தெரியும், புதியவர் தன் பெயரைச் சொல்வதற்கே செலவு செய்ய வேண்டும். வரம்பை நியாயமான ஓர் இடத்தில் வைத்து, விலைவாசிக்கு ஏற்ப நான்கு வருடத்துக்கு ஒருமுறை தானாக மாறும்படி எழுதிவிட்டு நகர்ந்தோம்.

உண்மையான வேலை சொற்களில் இருந்தது. பழைய விதியை மூன்று தடவை திருத்தியிருக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் எதையோ சேர்த்தார்களே தவிர பழையதை யாரும் எடுக்கவில்லை. "நன்கொடை" என்ற சொல்லுக்கு இரண்டு இடத்தில் இரண்டு விளக்கம். ஒன்றில் பொருளும் சேவையும் உண்டு, இன்னொன்றில் பணம் மட்டும். என் அபராதம் எங்கிருந்து முளைத்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது, அலுவலகத்தில் அந்த இரண்டு பேரும் சொன்னது அவரவர் படித்த பக்கத்தின்படி சரியே!

எனக்குத் தூக்கம் கெட்டது கடன் விஷயத்தில்தான். வேட்பாளர் தன் சொந்தப் பணத்தைத் தன் பிரச்சாரத்துக்கே கடனாகக் கொடுக்கலாம். தோற்றால் போனது போனதுதான். ஜெயித்தால், தேர்தல் முடிந்த பிறகும் நன்கொடை வாங்கி அந்தக் கடனை அடைக்கலாம். இப்போது அந்த நன்கொடையைத் தருவது யார்? யார் ஜெயித்தார் என்று தெரிந்த பிறகு, அவரிடம் காரியம் ஆக வேண்டியவர். போகும் இடம்? பிரச்சாரக் கணக்கு வழியாக நேராக அவருடைய சட்டைப்பைக்கு. நன்கொடை என்று பெயர் வைத்துக்கொண்டு இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவில் மத்தியத் தேர்தல்களில் இப்படித் தேர்தலுக்குப் பிந்தைய பணத்தில் அடைக்கும் கடனுக்கு 2,50,000 டாலர் என்று ஒரு வரம்பு இருந்தது, செனட்டர் டெட் க்ரூஸ் வழக்குப் போட்டு 2022-இல் அதையும் உடைத்துவிட்டார், ஆறுக்கு மூன்று என்று தீர்ப்பு. ஆக எங்கே கோடு போடுவது என்பது சுலபமான கேள்வி இல்லை. கடனையே தடுத்தால் கையில் கொஞ்சம் சேமிப்பு வைத்திருக்கும் சாதாரண ஆள் நிற்க முடியாது என்றார் ஒரு உறுப்பினர். நான்கு கூட்டம் இதிலேயே போனது. கடைசியில் கடனுக்கு ஒரு வரம்பு, வாக்குப்பதிவுக்குப் பிறகு வரும் பணத்தில் கடனை அடைத்தால் கொடுத்தவர் பெயரும் அவருக்கு மன்றத்தில் நிலுவையில் இருக்கும் விண்ணப்பமும் ஒரே பக்கத்தில் வெளியிடப்பட வேண்டும் என்று எழுதினோம். முழுத் திருப்தி இல்லை.

அடுத்தது தேதி. எங்கள் கடைசிக் கணக்கு வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரம் முன்பே முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் பணம் முடிவு வந்த பிறகுதான் ஊருக்குத் தெரியும். இது எல்லோருக்கும் தெரிந்த ஓட்டை, பெரிய தொகை எல்லாம் சரியாக அந்த இரண்டு வாரத்தில்தான் வந்தது. கலிஃபோர்னியாவில் தேர்தலுக்கு முந்தைய 90 நாளில் ஒருவரிடமிருந்து 1,000 டாலரோ அதற்கு மேலோ வந்தால் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். அதே மாதிரி வைக்கலாம் என்றதும் எல்லோரும் சரி என்றார்கள், நான்தான் கையைத் தூக்கினேன். வேலைக்குப் போய்வந்து இரவு பதினொரு மணிக்கு ரசீதுகளைப் பரப்பி உட்கார்ந்தவன் என்பதால் எனக்குத் தெரியும், இந்த 24 மணி நேரத்தில் முதலில் மாட்டுவது சம்பளத்துக்குக் கணக்காளர் வைத்திருக்கும் வேட்பாளர் இல்லை. மொத்த வரவு ஒரு சிறு தொகையைத் தாண்டாத வேட்பாளருக்கு இதிலிருந்து விலக்கு, முதல் தவறுக்கு அபராதத்துக்குப் பதில் திருத்திக்கொள்ளப் பத்து நாள் என்று சேர்க்க வைத்தேன். குழுவில் நான் உருப்படியாகச் செய்த வேலை அதுதான்.

நிறுவனங்கள் நன்கொடை தரத் தடை என்பதில் பெரிய தகராறு வரவில்லை. கனடாவின் ஒன்டாரியோவில் 2018 உள்ளாட்சித் தேர்தலிலிருந்தே நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் வேட்பாளருக்குப் பணம் தர முடியாது, அங்கே வானம் இடிந்து விழவில்லை. ஊழியர்கள் பெயரில் முதலாளி பணம் கொடுப்பதைத் தடுக்க ஒரு வரி சேர்த்தோம், அதை நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது தனிக் கதை.

நன்னடத்தை விதிகளுக்கு வரும்போது எல்லோரும் களைத்துப் போயிருந்தோம், அப்போதுதான் மச்சான் வந்தார். பழைய விதியில் "நெருங்கிய உறவினருக்கு லாபம் தரும் விஷயத்தில் உறுப்பினர் வாக்களிக்கக் கூடாது" என்று மட்டும் இருந்தது. நெருங்கிய உறவினர் யார் என்று இல்லை. மனைவியின் தம்பி டெண்டர் எடுத்தால்? மகனின் மாமனார்? ஒரு முழு மாலை உறவுமுறைகளைப் பட்டியல் போட்டோம், கல்யாணப் பத்திரிகை எழுதுவதைப் போல இருந்தது. "வாக்களிக்கக் கூடாது" என்பதிலும் ஓட்டை. ஒரு உறுப்பினர் தன் சொந்த நிலத்தை ஒட்டிய சாலைக்காக இருபது நிமிடம் உருகி உருகிப் பேசிவிட்டு, வாக்கெடுப்பின்போது மட்டும் நல்ல பிள்ளையாக ஒதுங்கிக்கொண்டார். விதி மீறல் எதுவும் இல்லை. இங்கிலாந்தின் 2011 உள்ளாட்சிச் சட்டம் இப்படிப் பண நலன் உள்ளவர் விவாதத்திலும் கலந்துகொள்ளக் கூடாது என்கிறது, பதவியேற்ற 28 நாளுக்குள் தன் பண நலன்களைப் பதிவு செய்யவும் சொல்கிறது. இரண்டையும் எடுத்துக்கொண்டோம், அறையை விட்டே வெளியே போக வேண்டும் என்று நாங்களாக ஒன்றைச் சேர்த்தோம்.

தோற்றது ஒரே இடத்தில், ஆனால் பெரிய இடத்தில். புகார் வந்தால் விசாரிப்பவர் இப்போது மன்றத்தின் சட்ட ஆலோசகர். அவரை நியமிப்பதும் நீக்குவதும் யாரைப் பற்றிப் புகார் வருகிறதோ அவர்கள்தான். வெளியாள் ஒருவர் விசாரிக்க வேண்டும், அதற்கு மன்றம் கை வைக்க முடியாதபடி தனி நிதி வேண்டும் என்று எழுதினோம். மன்றக் கூட்டத்தில் எல்லோரும் எங்களைப் பாராட்டினார்கள், நிதிநிலை சரியில்லை என்றார்கள், அந்த அத்தியாயத்தை மட்டும் "மேலும் ஆய்வுக்கு" அனுப்பினார்கள். மீதி எல்லாம் ஒருமனதாக நிறைவேறியது, நாங்கள் கை கொடுத்துக்கொண்டு வெளியே வந்தோம்.

வீட்டுக்கு வந்து தீர்மானத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்தபோதுதான் பார்த்தேன், கூட்டத்திலேயே சேர்த்த ஒரு வரி: புதிய விதிகள் அடுத்த தேர்தல் முடிந்த பிறகு நடைமுறைக்கு வரும். அந்த வரிக்கும் நாங்கள் கைதட்டியிருக்கிறோம்.

இப்போது அதே நண்பர் மறுபடி நிற்கிறார், அதே அச்சகம், அதே பாதி விலை. போன வாரம் பழைய படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு எதிரே "இணைப்பைப் பார்க்கவும்" என்று எழுதி, பழைய விதியின் இரண்டு விளக்கங்களையும் நகலெடுத்துப் பின்னால் குத்திக் கொடுத்தேன். வாங்கிய ஊழியர் இரண்டையும் படித்துப் பார்த்துவிட்டு, எதற்கும் மேலே கேட்டுச் சொல்கிறேன் சார் என்றார். இன்னும் சொல்லவில்லை.