பக்கத்துப் பல்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும். அந்த இரண்டு மாதமும் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் என் பல் கிளினிக்கில் உட்கார இடம் இருக்காது. வருஷம் முழுக்க கிராம்பை வைத்து வலியை அடக்கிக்கொண்டு கடலுக்குப் போனவர்கள் அப்போதுதான் வாயைத் திறந்து காட்ட வருவார்கள். வெளியூர்ப் பல் மருத்துவக் கல்லூரிகளில் படிக்கிற எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் அந்தச் சமயத்தில்தான் விடுமுறைக்கு வீடு வருவார்கள். பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று வருஷத்துக்கு மூன்று நான்கு பேர் தேடி வந்துவிடுகிறார்கள். கீழே நோயாளியை அவர்கள் தொட முடியாது; நான் வேலை செய்யும்போது நின்று பார்க்கலாம். கைப்பழக்கத்துக்கு மாடியறை இருக்கிறது. அங்கே இரண்டு ஃபேன்டம் ஹெட், அதாவது வெட்டிப் பழகுவதற்கான மாதிரித் தலைகள், வைத்திருக்கிறேன்.

லேபைப் புதுப்பித்த ஒரு கல்லூரியில் கழித்துவிட்ட தலைகள் அவை. உலோகத் தலை, ரப்பர் கன்னம், உள்ளே திருகாணியில் கழற்றி மாட்டக்கூடிய பிளாஸ்டிக் பற்கள் கொண்ட தாடை. இந்த யோசனை பழையது. 1894-இல் ஆஸ்வால்ட் ஃபெர்கஸ் என்ற பல் மருத்துவர் ஒரு கம்பியின் நுனியில் பித்தளைத் தாடைகளை மாட்டிச் செய்ததுதான் இதன் தொடக்கம் என்பார்கள். அதற்கு முன்னால் பல்லைக் கையில் பிடித்துக்கொண்டு குடைந்து பழகியவர்கள்தான் அதிகம். கையில் பிடித்தால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம். வாய்க்குள் இருக்கும் பல் திரும்பாது. நாம்தான் அதற்கேற்ப வளைய வேண்டும். அந்த ஒன்றைக் கற்றுக்கொடுக்கத்தான் தலையும் கன்னமும்.

கடற்கரையில் இதைப் பராமரிப்பது தனி வேலை. பல்லைக் குடைகிற முனையை பர் என்போம். உப்புக்காற்றில் சாதாரண எஃகு பர் ஒரே ராத்திரியில் துருப்பிடித்துவிடும். கம்ப்ரஸர் தொட்டியில் தினமும் தண்ணீர் சேரும். சாயங்காலம் அடியில் இருக்கும் குழாயைத் திறந்துவிடாவிட்டால் அந்த ஈரம் காற்றோடு ஏறி, பர்ரை மாட்டிக் கையில் பிடிக்கிற ஹேண்ட்பீஸின் பேரிங்கைத் தின்றுவிடும். நிமிஷத்துக்கு மூன்று நான்கு லட்சம் சுற்று சுற்றுகிற ஏரோட்டாருக்கு, அதாவது காற்றில் ஓடும் ஹேண்ட்பீஸுக்கு, அந்தக் குட்டி பேரிங்தான் உயிர். அதனால் வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் வேலை, கம்ப்ரஸரை வடிப்பதும் ஹேண்ட்பீஸுக்கு எண்ணெய் அடிப்பதும்தான். மாதிரித் தலையில் கைவைப்பது அடுத்த நாள்.

இனி என் சொந்தக் கதை. நான் படித்த கல்லூரியில் இரண்டாம் வருஷ பிரீகிளினிக்கல் லேபில், அதாவது நோயாளியைத் தொடுவதற்கு முன் மாதிரித் தலையில் பழகும் லேபில், நன்றாகச் செய்கிறவள் என்று பெயர் எடுத்திருந்தேன். கீழ்த்தாடை இடது பக்க முதல் கடைவாய்ப் பல், எங்கள் கணக்கில் 36. அதில் கிளாஸ் டூ கேவிட்டி, அதாவது இரண்டு பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் வரும் சொத்தைக்கான வெட்டு. ஜி.வி. பிளாக் என்ற பல் மருத்துவர் சொத்தைகளுக்கு வகுத்துவைத்த வரிசையில் இரண்டாவது. சுவர் நேராக இருக்கிறதா, ஆழம் ஒன்றரையிலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்குள் நிற்கிறதா, மூலைகள் சரியா என்று பார்ப்பார்கள். பல்லைத் திருகாணியிலிருந்து கழற்றிக் கொண்டுபோய்க் காட்டுவோம். ஸ்டாஃப், அதாவது சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து ரெக்கார்டில் கையெழுத்துப் போடுவார். என் 36 எப்போதும் முதல் தடவையிலேயே கையெழுத்து வாங்கிவிடும்.

பக்கத்தில் இருந்த 35-ஐயும் 37-ஐயும் யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அவை தாடையிலேயே இருந்தன. கீறல் அதிகமானால் பழசாகிவிட்டது என்று மாற்றிக்கொள்வோம்.

மூன்றாம் வருஷம் கிளினிக்கில் எனக்கு வந்த இரண்டாவதோ மூன்றாவதோ நோயாளி, கட்டட வேலை செய்கிற ஒரு அக்கா. அதே 36, அதே பின்பக்கச் சொத்தை. வெட்டு அழகாக வந்தது. ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டு மிரரை வைத்துப் பார்த்தபோது 37-இன் முன்பக்கத்தில் ஒரு கோடு. சொத்தையே இல்லாத, அவர் எதற்கும் காட்டியிராத நல்ல பல். எனாமல் மறுபடி வளராது. கீறின இடம் சொரசொரப்பாகிவிட்டால் அழுக்கு தங்கும், பின்னால் அங்கேயே சொத்தை பிடிக்கும். ஸ்டாஃப் பார்த்தார், பாலிஷ் பண்ணச் சொன்னார், அவ்வளவுதான். அந்த அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. "சரியாயிடுச்சா பாப்பா?" என்று கேட்டுவிட்டுக் கும்பிட்டுப் போனார். அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். இருபது வருஷம் ஆகப்போகிறது, இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். அந்தக் கோட்டை நான் அன்று போடவில்லை. ஒரு வருஷமாக லேபில் போட்டுப் பழகியிருந்தேன். கைக்கு அது பழகிப்போயிருந்தது. யாரும் பார்க்காத இடத்தில் பழகியது, நோயாளியின் வாய்க்குள் வந்து தெரிந்தது.

அதனால் என் மாடியறையில் வெட்டின பல்லைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் திருகாணியைத் தளர்த்தி இரண்டு பக்கத்துப் பற்களையும் எடுப்பேன். ஒரு பென்சிலைப் படுக்கையாக வைத்து அந்தப் பக்கத்தில் லேசாகத் தேய்த்தால் மயிரிழைக் கீறலும் கறுப்பாகத் தெரிந்துவிடும். போன வருஷம் வந்த ஒரு பெண்ணின் அம்மா பாசி எடுக்கப் போகிறவர். அவளுக்குக் கை நடுக்கமே கிடையாது, வெட்டு அவ்வளவு சுத்தம். நான் 37-ஐக் கழற்றியதும், "மேடம், நான் வெட்டினது 36" என்றாள்.

"தெரியும்மா. இதைப் பாரு."

பென்சில் தேய்த்த இடத்தில் இரண்டு கோடுகள். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் இதை யாரும் கழற்றிக் காட்டியதில்லை என்றாள்.

இதற்கு வழி இருக்கிறது, புதிதும் இல்லை. பெட்டி மாதிரி இறங்கும்போது பக்கத்துப் பல்லைத் தொடுகிற எனாமலைக் காகிதம்போல ஒரு சுவராக விட்டுவிட வேண்டும். பர் அந்தச் சுவருக்கு உள்ளேயே நிற்கும். கடைசியில் கை உளியால் அந்தச் சுவரை மெதுவாக உடைத்து எடுக்கலாம். அதோடு இரண்டு பல்லுக்கும் நடுவே ஒரு மெல்லிய எஃகு மேட்ரிக்ஸ் பட்டையைச் செருகிவைத்தால் கை தவறினாலும் அடி பட்டைக்குத்தான். செருகிக் காட்டியதும், "எங்கம்மா பாறையில கை கிழியாம இருக்க விரல்ல துணி சுத்திக்கிட்டுப் போகும், அது மாதிரி" என்றாள். அடுத்த ஒன்பது நாளில் பதினாலு பல் வெட்டினாள். ஏழாவது பல்லிலிருந்து பென்சிலில் எதுவும் தெரியவில்லை.

பக்கத்துப் பல் என்று சொல்கிறேனே தவிர, வெட்டுகிற பல்லைச் சுற்றி இருக்கிற எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மோதிர விரலை ஒரு பல்லின் மேல் ஊன்றாமல் ஹேண்ட்பீஸை எடுக்க விடமாட்டேன். நோயாளி திடுக்கென்று அசைந்தால் ஊன்றின விரலும் கூடவே அசையும், பர்ரும் பல்லோடு போகும். ஊன்றாத கை நாக்கைக் கிழித்துவிடும். மேல்தாடைக்கு மிரரில் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். அது வராதவர்கள் கழுத்தை வளைத்து எட்டிப் பார்ப்பார்கள். அப்படி எட்டிப் பார்த்தே முப்பத்தைந்து வயதில் கழுத்து வலிக்குப் பட்டை கட்டியவர்களை எனக்குத் தெரியும். சுவரில் சாய்ந்து நின்று நான் பார்ப்பது பெரும்பாலும் முதுகைத்தான்.

பிளாஸ்டிக் பல்லில் ஒரு குறை இருக்கிறது. மேலே இருக்கும் எனாமலும் அதற்கு அடியில் இருக்கும் டென்டினும் கைக்கு ஒரே மாதிரி இருக்கும், சொத்தையின் மெத்தென்ற தன்மை வராது. அதற்குப் பிடுங்கிய பற்களைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். சுத்தம் செய்து, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 40 நிமிஷம். பாதரசம் கலந்த வெள்ளி அடைத்த பல்லை மட்டும் சூடாக்கக் கூடாது, பாதரச ஆவி வரும். அதை 10 சதவீத ஃபார்மலினில் இரண்டு வாரம் ஊறப்போட வேண்டும். அந்தப் பல்லைப் பிளாஸ்டர் கட்டியில் பதித்து வெட்டும்போது சத்தமே மாறும். டென்டினுக்குள் பர் இறங்கும் நொடியைப் பிள்ளைகள் முகத்திலேயே பார்க்கலாம்.

இப்போது ஹேப்டிக் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆம்ஸ்டர்டாம் பல் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து உருவாக்கிய சிமோடான்ட் மாதிரியானவை. திரையில் பல், கையில் ஹேண்ட்பீஸ், கடினமும் மென்மையும் கைக்கே தெரியும். வெட்ட வேண்டியதில் எவ்வளவு வெட்டினோம், எல்லை தாண்டி எவ்வளவு போனோம் என்று எண்ணாகச் சொல்லிவிடும். எனக்கு அதில் ஆசைதான். ஸ்டாஃப் மறந்தாலும் இயந்திரம் மறக்காது. ஆனால் அதிலும் எதை அளக்கச் சொல்கிறோமோ அதைத்தான் அளக்கும்.

எந்தத் தலையாலும் சொல்லிக்கொடுக்க முடியாதது ஒன்று உண்டு. "வலிச்சா இடது கையைத் தூக்குங்கண்ணே" என்று ஃபேன்டம் தலையிடமே சொல்லிப் பழகச் சொல்வேன். முதலில் கூச்சப்படுவார்கள், இரண்டு நாளில் வந்துவிடும். ஆனால் எங்கள் கடற்கரை ஆட்கள் கையைத் தூக்கமாட்டார்கள். வலியைச் சொல்வது அவர்களுக்குப் பழக்கமில்லை. கால் கட்டைவிரல் மடங்கும், அவ்வளவுதான். அதனால் கீழே நின்று பார்க்கும் பிள்ளைகளை வாய்ப்பக்கம் நிறுத்தாமல் நோயாளியின் கால்பக்கம் நிறுத்துவேன். விரல் மடங்கினால் என்னிடம் சொல்ல வேண்டும். ஒருநாள் போன வருஷம் வந்த அந்தப் பெண் சட்டென்று, "மேடம், கால்" என்றாள். நிறுத்தினேன். மரத்துப்போகவில்லை. இன்னொரு ஊசி போட்டுவிட்டு உட்கார்ந்தபோது அந்த அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்து, "நீ எப்படிப்பா கண்டுபிடிச்ச?" என்று கேட்டார்.

இந்த வருஷம் அவள் மூன்றாம் வருஷம். விடுமுறைக்கு வரவில்லை, கிளினிக்கில் கேஸ் முடிக்க வேண்டுமாம். போன மாதம் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாள். முதல் கிளாஸ் டூ முடித்துவிட்டாளாம். பல் 46, அதாவது வலது பக்கத்தில் அதே கடைவாய்ப் பல்; நோயாளி ஒரு பாட்டி.

"47-ஐப் பார்த்தியா?" என்று கேட்டேன்.

"பார்த்தேன் மேடம். கீறல் பட்டையிலதான் இருக்கு. பல்லுல இல்ல. பட்டையைப் பாட்டிக்கிட்டயும் காட்டினேன்."