நான்காவது கோல்

ஜூன் 29, 2025, ஞாயிற்றுக்கிழமை. தாய்லாந்தின் சியாங் மாய் நகரில், 700-ஆவது ஆண்டு நினைவு விளையாட்டரங்கில், இந்தியப் பெண்கள் அணி திமோர்-லெஸ்தே அணிக்கு எதிராக நான்காவது கோலை அடித்தபோது என் வரிசையில் என்னைத் தவிர யாரும் இல்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த குடும்பம் அப்போதுதான் எழுந்து போயிருந்தது. 86-ஆவது நிமிடம், அடித்தவர் லிண்டா கோம். 3-0 என்றிருந்த ஆட்டம் 4-0 ஆனது. நான் கைதட்டினேன், பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். ஆறு நாள் கழித்து அதே அரங்கில் உட்கார்ந்திருந்தபோது அந்த கோலைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொந்த ஊர் கடலூர். பாங்காக்கில் வேலை பார்க்க வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கல்லூரி அணியில் இடது பக்கத் தடுப்பாட்டக்காரியாக மூன்று ஆண்டுகள் ஆடியவள் நான். மார்ச் மாதம் ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றுக்கான குலுக்கல் முடிந்து, இந்தியாவின் ஆட்டங்கள் எல்லாம் சியாங் மாயில் என்று தெரிந்த அன்றே நாட்காட்டியை எடுத்து எந்தெந்த ஆட்டம் வார இறுதியில் வருகிறது என்று பார்த்துவிட்டேன். பாங்காக்கிலிருந்து ரயிலில் ஏறத்தாழ 750 கிலோமீட்டர். ஓர் இரவுப் பயணம்.

இந்தச் சுற்று எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அலுவலகத்திலும் ஊரிலும் என்னிடம் கேட்டவர்களில் பாதிப் பேர், "இரண்டாவதாக வந்தாலும் போகலாம்தானே?" என்றே கேட்டார்கள். போக முடியாது. 2026 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் நடக்கும் மகளிர் ஆசியக் கோப்பையில் மொத்தம் 12 அணிகள். நடத்தும் நாடு என்பதால் ஆஸ்திரேலியாவுக்கும், 2022-இல் முதல் மூன்று இடங்களைப் பிடித்த சீனா, தென்கொரியா, ஜப்பான் ஆகியவற்றுக்கும் இடம் உறுதி. மீதி இருந்தவை எட்டே இடங்கள். அவற்றுக்கு 34 நாடுகள் போட்டியிட்டன. எட்டுப் பிரிவுகள், ஒவ்வொரு பிரிவும் ஒரே ஊரில் கூடி ஆட வேண்டும், முதலிடம் பிடிக்கும் அணி மட்டும் ஆஸ்திரேலியாவுக்கு. சிறந்த இரண்டாமிடம், மறுவாய்ப்பு ஆட்டம் என்று எதுவும் கிடையாது.

நம்முடையது 'பி' பிரிவு. தாய்லாந்து, இந்தியா, மங்கோலியா, திமோர்-லெஸ்தே, ஈராக். ஐந்து அணிகள் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணிக்கு ஓய்வு. உலகத் தரவரிசையில் தாய்லாந்து 46-ஆவது இடம், இந்தியா 70-ஆவது இடம். தாய்லாந்து 2015, 2019 என்று இரண்டு உலகக் கோப்பைகளில் ஆடிய நாடு. ஆட்டம் நடப்பதும் அவர்கள் மண்ணில். அட்டவணையைப் பார்த்தவுடனே ஜூலை 5-ஆம் தேதியை வட்டமிட்டேன், மற்ற மூன்று ஆட்டங்களும் அதற்கான முன்னோட்டம் என்று எண்ணிக்கொண்டு. அது தவறு என்று பிறகு புரிந்தது.

என் அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. 2022 ஜனவரியில் இந்தப் போட்டி நம் நாட்டிலேயே நடந்தது. நடத்தும் நாடு என்பதால் தகுதிச்சுற்றே ஆடாமல் உள்ளே போனோம். நவி மும்பையில் ஈரானுடன் 0-0. அடுத்து தைவானுடன் ஆட வேண்டிய ஜனவரி 23 அன்று, கொரோனாவால் 13 பேரைக்கூடக் களத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. விதிப்படி அணி விலகியதாக அறிவிக்கப்பட்டது, ஈரானுடன் ஆடிய ஆட்டமும் செல்லாததாகிவிட்டது. அன்று இரவு என் கல்லூரித் தோழியும் நானும் தொலைபேசியில் ஒன்றும் பேசாமல் வெகுநேரம் இருந்தோம். அவள் கடலூரில் பள்ளி மைதானம் ஒன்றில் சிறுமிகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறாள். மறுநாள் காலை அந்தப் பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்பதுதான் அவளுடைய கவலையாக இருந்தது. அதற்கு முன் இந்தியா ஆசியக் கோப்பையில் ஆடியது 2003-இல். 1980-இல் கோழிக்கோட்டிலும் 1983-இல் பாங்காக்கிலும் இறுதி ஆட்டம் வரை போன நாடு நாம். 1983-இல் அந்த இறுதி ஆட்டத்தில் நம்மை வென்றதும் இதே தாய்லாந்துதான். தகுதிச்சுற்று ஆடி வென்று உள்ளே போனது மட்டும் ஒருமுறைகூட இல்லை.

ஜூன் 23, திங்கட்கிழமை, முதல் ஆட்டம். மங்கோலியாவை 13-0 என்று வென்றோம். பியாரி சாசா மட்டும் ஐந்து கோல்கள். நம் தமிழ்நாட்டு பிரியதர்ஷினி செல்லதுரை இரண்டு. வேலை முடிந்து அறையில் அலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எட்டாவது கோலுக்குப் பிறகு மனம் ஒருமாதிரி ஆகிவிட்டது. கல்லூரியில் ஒருமுறை பல்கலைக்கழகப் போட்டியில் 9-0 என்று தோற்றிருக்கிறோம். கடைசிப் பத்து நிமிடம் அவர்கள் விடாமல் அடித்தது இன்றும் நினைவில் இருக்கிறது. 2019 உலகக் கோப்பையில் அமெரிக்கா தாய்லாந்தை இதே 13-0 கணக்கில் வென்றபோது, எங்கள் அலுவலகத்தில் என் பக்கத்து மேசைத் தாய்லாந்துத் தோழி கண்கலங்கியதும் நினைவுக்கு வந்தது. "இத்தனை தேவையா?" என்று கடலூருக்குச் செய்தி அனுப்பினேன். உடனே அழைத்துவிட்டாள்.

"தேவை. தாய்லாந்தும் நாமும் சமமாக நின்றால் கோல் கணக்கைத்தான் பார்ப்பார்கள். தாய்லாந்து இவர்களை எத்தனை அடிக்கப்போகிறது என்று உனக்குத் தெரியுமா? நமக்கு ஓர் இடம்தான் இருக்கிறது. நீ தடுப்பாட்டக்காரி, அதனால் உனக்குத் தோற்பவர்கள் பக்கமே மனம் போகிறது."

அவள் சொன்னது சரி. தாய்லாந்து அதே மங்கோலியாவை 11-0 என்று வென்றது.

சனிக்கிழமை மாலை பாங்காக்கின் குருங் தேப் அபிவாட் நிலையத்தில் ரயிலேறினேன். விடியற்காலையில் ரயில் குன் தான் மலைக்குள் சுரங்கப்பாதையில் நுழைந்து வெளியே வந்தபோது எங்கும் மழைக்காலத்துப் பச்சை. சியாங் மாய் கால்பந்தைப் பற்றிப் பேசும் ஊராகத் தெரியவில்லை. நிலையத்துக்கு வெளியே நின்ற சிவப்பு வண்டிக்காரர் ஆண்கள் ஆட்டமா பெண்கள் ஆட்டமா என்று இரண்டு முறை கேட்டார். அரங்கம் பெரியது, 1995 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டியது. நகரம் தோன்றி 700 ஆண்டு ஆனதன் நினைவாக அந்தப் பெயர். அதில் அன்று என்னைப் போல ஆங்காங்கே சிலர்.

அந்த ஆட்டத்தைச் சுலபம் என்று சொல்ல மாட்டேன். மனிஷா கல்யாண் 12-ஆவது நிமிடத்திலேயே அடித்துவிட்டார். அதற்குப் பிறகு இடைவேளை வரை ஒன்றுமில்லை. திமோர் பெண்கள் ஒருவர் விடாமல் பின்னால் நின்று தடுத்தார்கள். இடைவேளைக்குப் பிறகு அஞ்சு தமாங், 80-இல் மறுபடி மனிஷா. நான் பந்தைவிட அதிகமாக நம் தடுப்பாட்டக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று கோல் முன்னிலையில் இருக்கும்போதும் பந்து வெளியே போனால் ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தார்கள். வெற்றி உறுதியான அணி அப்படி ஓடாது. கணக்கு தெரிந்த அணிதான் ஓடும். அந்த ஓட்டத்தில்தான் லிண்டாவின் கோல் வந்தது. திங்கட்கிழமை காலை முதல் விமானத்தைப் பிடித்து நேராக அலுவலகம் போனேன்.

ஜூலை 2, புதன்கிழமை. ஈராக்கை 5-0 என்று வென்றோம். அதில் ஒன்றை அடித்தவர் கார்த்திகா அங்கமுத்து. கடலூரிலிருந்து வந்த குரல்பதிவில் சொற்களே இல்லை, பிள்ளைகளின் கூச்சல் மட்டும்தான். அதே நாள் யாங்கோனில் வங்காளதேசம் மியான்மரை 2-1 என்று வீழ்த்தியது. இரண்டு கோல்களும் ரிதுபர்ணா சக்மா அடித்தவை. முதல்முறையாக ஆசியக் கோப்பைக்குப் போகிறது வங்காளதேசம். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்துகொண்டு போனதைப் பார்த்ததும் நமக்கும் திறக்கும் என்ற எண்ணம் வலுத்தது.

அன்று இரவு ஒரு தாளில் கணக்கை எழுதினேன். இந்தியா 13, 4, 5. கூட்டினால் 22. தாய்லாந்து திமோரை 4-0, மங்கோலியாவை 11-0, ஈராக்கை 7-0 என்று வென்றிருந்தது. கூட்டினால் அதுவும் 22. இரண்டு அணிகளும் ஒரு கோலும் வாங்கவில்லை. இருவருக்கும் ஒன்பது புள்ளிகள். மூன்று ஆட்டங்கள் ஆடி ஒரு மயிரிழைகூட வேறுபாடு இல்லை. கடைசி ஆட்டம் சமனில் முடிந்தால் எதை வைத்தும் பிரிக்க முடியாது என்பதால், லீக் ஆட்டமாக இருந்தாலும் அங்கேயே பெனால்டி முறையில் முடிவு.

அப்போதுதான் உறைத்தது. லிண்டா அடிக்காமல் விட்டிருந்தால் நமக்கு 21. சமன் செய்தாலே தாய்லாந்து ஆஸ்திரேலியாவுக்குப் போய்விடும். நாம் வென்றே ஆக வேண்டும் என்ற நெருக்கடியுடன், அவர்கள் ஊரில், அவர்கள் பின்னால் நின்று காலம் கடத்த, நாம் ஓடிக்கொண்டிருப்போம். யாரும் பார்க்காத ஞாயிற்றுக்கிழமையில் நான் பையை மாட்டிக்கொண்டு பார்த்த அந்த கோல் நம் கழுத்திலிருந்து அந்தக் கயிற்றை எடுத்துவிட்டிருந்தது.

ஜூலை 5, சனிக்கிழமை. இந்த முறை தாய்லாந்துத் தோழியும் கூடவே வந்தாள். வெள்ளி இரவு ரயிலில் எதிரெதிர் படுக்கை. அரங்கத்துக்குள் போனதும், "இங்கே பிரிந்துவிடலாம்" என்று என் கையை அழுத்திவிட்டுத் தன் நாட்டுக்காரர்கள் பக்கம் போய்விட்டாள். இந்தியர்கள் ஒரு மூலையில் சேர்ந்து நின்றோம். பாங்காக்கில் படிக்கும் மணிப்பூர் மாணவர்கள் நால்வர், பஞ்சாபிலிருந்து சுற்றுலா வந்த ஒரு குடும்பம், நான். நாட்டுப்பண் பாடும்போது எங்கள் குரல் எங்களுக்கே மெலிதாகத்தான் கேட்டது.

28-ஆவது நிமிடத்தில் மேற்கு வங்கத்துக் கல்யாணி ஊர்க்காரர் சங்கீதா பாஸ்ஃபோர் பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து ஓர் அடி அடித்தார். பந்து வலைக்குள் போன பிறகுதான் அவர் அடித்தார் என்பதே எனக்குப் புரிந்தது. இடைவேளைக்கு 1-0. இடைவேளை முடிந்து இரண்டே நிமிடத்தில் சட்சவன் ரோத்தோங் சமன் செய்துவிட்டார். அரங்கம் முழுவதும் எழுந்தது. தகுதிச்சுற்றில் இந்தியா வாங்கிய முதல் கோல் அது.

அதற்கு அடுத்த 27 நிமிடங்களைத்தான் நான் எழுத விரும்பினேன். தாய்லாந்து அலை அலையாக வந்தது. கோல்கீப்பர் பந்தோய் சானு, கேப்டன் ஸ்வீட்டி தேவி, இருவரும் இடைவிடாமல் கத்திக்கொண்டே இருந்தார்கள். ஆனால் நம் அணி கலையவில்லை. பந்தை அவசர அவசரமாகத் தூக்கி அடிக்கவில்லை. இப்படியே முடிந்தாலும் தோல்வி இல்லை, பெனால்டி இருக்கிறது என்பது அவர்கள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. 74-ஆவது நிமிடத்தில் கார்னரைத் தொடர்ந்து கோலுக்கு அருகில் மறுபடியும் சங்கீதா. 2-1. பக்கத்திலிருந்த மணிப்பூர்ப் பெண் என் தோளைப் பிடித்து உலுக்கியதில் கண்ணாடி கீழே விழுந்துவிட்டது. கடைசி நிமிடங்களைக் கலங்கலாகத்தான் பார்த்தேன். நடுவர் விசில் ஊதியது தெளிவாகக் கேட்டது.

நான்கு ஆட்டம், நான்கு வெற்றி, 24 கோல்கள், வாங்கியது ஒன்று. பயிற்சியாளர் கிறிஸ்பின் சேத்ரி களத்துக்குள் ஓடினார், வீராங்கனைகள் தரையில் விழுந்து அழுதார்கள்.

வெளியே வரும்போது என் தோழி வாசலில் காத்திருந்தாள். நான் எதுவும் பேசவில்லை. அவள்தான், "உங்கள் ஆறாம் எண்..." என்று ஆரம்பித்து, எண் சரியா என்று தெரியாமல் நிறுத்திவிட்டு, "இரண்டு கோல் அடித்தவர், அவருக்குக் கால் வலிக்கவே இல்லையா?" என்றாள். பிறகு வெகுநேரம் மௌனமாக நடந்தோம். மூன்று வெற்றிகள், ஒரே ஒரு தோல்வி, அதோடு அவர்களுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. இதுதான் இந்த முறையில் எனக்கு ஒப்பாத ஒன்று. 34 நாடுகள் ஆடுகிற சுற்றில் இரண்டாமிடத்தில் சிறந்தவர்களுக்காவது ஒரு வாசல் வைத்திருக்கலாம். தாஷ்கண்டில் நேபாளம் உஸ்பெகிஸ்தானுடன் 3-3 என்று ஆடிப் பெனால்டியில் இடத்தை இழந்தது. எங்களுக்கு வந்திருக்கக்கூடிய முடிவு அது. எட்டுப் பிரிவுகளை நடத்திய எட்டு நாடுகளில் வியட்நாமும் உஸ்பெகிஸ்தானும் மட்டுமே உள்ளே போயின. சொந்த ஊர் ஆறு நாடுகளைக் காப்பாற்றவில்லை.

ஜூலை 29 அன்று சிட்னியில் நடந்த குலுக்கலில் ஜப்பான், வியட்நாம், தைவான் ஆகியவற்றோடு இந்தியா 'சி' பிரிவில் விழுந்தது. கடினமான பிரிவுதான். ஆனால் காலிறுதிக்கு எட்டு அணிகள் போகலாம், அரையிறுதிக்கு வரும் நான்கு அணிகளுக்கும் 2027 பிரேசில் உலகக் கோப்பையில் நேரடி இடம், காலிறுதியில் தோற்பவர்கள் தங்களுக்குள் ஆடி மேலும் இரண்டு இடங்களைப் பிடிக்கலாம். இந்தக் கணக்கையும் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் இரண்டு ஆட்டங்களும் பெர்த் நகரில், மார்ச் 4 புதன், மார்ச் 7 சனி. நடுவில் வரும் இரண்டு நாளையும் சேர்த்து விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். கடலூர்த் தோழி போன வாரம்தான் வாழ்க்கையில் முதல்முறையாகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். காவல்துறை விசாரணைக்கு எப்போது வருவார்கள் என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.