படிக்க மட்டும் என்றேன், அது எழுதியது

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவர் ஒரு எஸ்டி கார்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய பட்டறையில் வெப்பநிலையைப் பதிவு செய்துகொண்டிருந்த சிறிய லினக்ஸ் கருவி மின்சாரம் போனபோது நின்றுவிட்டது. கடைசிச் சில மணி நேர அளவீடுகளைத் தற்காலிகக் கோப்பு ஒன்றில்தான் அந்த நிரல் வைத்திருந்தது. அதை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். கார்டின் ஓரத்தில் உள்ள பிளாஸ்டிக் பூட்டை லாக் பக்கம் தள்ளிவிட்டு ரீடரில் செருகினேன். மவுண்ட் ஆகவில்லை, அதாவது அதன் கோப்புகளைக் கணினி திறந்து காட்டவில்லை; படிக்க மட்டும் என்ற முறையிலும் மவுண்ட் செய்ய இயலாது என்று பதில் வந்தது. ரீடரில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பூட்டைத் திறந்தேன். பாதுகாப்புக்காக ஆர்ஓ (படிக்க மட்டும்) விருப்பத்தை மட்டும் சேர்த்து மறுபடி மவுண்ட் செய்தேன். உடனே திறந்துகொண்டது.

லினக்ஸின் மையமான கெர்னலின் பதிவை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். படிக்க மட்டுமான கோப்பு முறைமைக்கு மீட்பு தேவைப்படுகிறது, மீட்பின்போது எழுதும் அனுமதி இயக்கப்படும், அநாதை ஐநோடு (பெயர் நீக்கப்பட்ட கோப்பின் விவரக் குறிப்பு) ஒன்று நீக்கப்பட்டது, மீட்பு முடிந்தது. இந்தப் பொருளில் நான்கு வரிகள் அடுத்தடுத்து இருந்தன. நண்பர் தேடி வந்த கோப்பு அந்த மூன்றாவது வரியில் போயிருந்தது.

தற்காலிகக் கோப்பைத் திறந்த கையோடு அதன் பெயரை நீக்கிவிட்டு, திறந்த நிலையிலேயே பயன்படுத்துவது யூனிக்ஸ் நிரல்களில் பழைய பழக்கம். நிரல் எப்படி முடிந்தாலும் குப்பை மிஞ்சாது என்பதே அதன் நோக்கம். பெயரில்லாத அந்தக் கோப்பின் ஐநோடை, ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் கோப்பு முறைமை அநாதைப் பட்டியலில் சேர்த்து வைக்கிறது. மின்சாரம் போய் அடுத்த முறை மவுண்ட் ஆகும்போது அந்தப் பட்டியலைப் பார்த்து இடத்தை விடுவிக்கிறது. கோப்பின் தரவுத் தொகுதிகள் எங்கே இருந்தன என்ற சுட்டுக் குறிப்புகளும் அப்போதே அழிந்துவிடுகின்றன. கார்டைத் தொடாமல் ஒரு பிரதி எடுத்துவைத்துவிட்டு, அந்தப் பிரதியில் டீபக்எஃப்எஸ் கருவியைக் கொண்டு தேடியிருந்தால் அந்த ஐநோடைப் படித்திருக்கலாம்.

நண்பரிடம் மன்னிப்புக் கேட்டது தனிக்கதை. அந்த வார இறுதியில் இந்த நடத்தையை வரிசையாகச் சோதித்துப் பார்த்தேன். 1 ஜிபி அளவில், வட்டைப் போலவே பயன்படும் ஒரு படிமக் கோப்பை உருவாக்கி அதில் ஈஎக்ஸ்டி4 அமைத்தேன். 4 கேபி தொகுதிகளாக 8192 தொகுதிகள், அதாவது 32 எம்பி, ஜர்னலுக்குப் போயின. மாற்றங்களை உரிய இடத்தில் எழுதும் முன் குறித்துவைக்கும் பகுதி அது; மீட்பு என்பது அந்தக் குறிப்புகளை ஓட்டி முடிப்பதுதான். ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் பின்னும் படிமம் முழுவதற்கும் எஸ்ஹெச்ஏ256 ஹேஷ் (ஒரு பிட் மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்) எடுத்து ஒப்பிட்டேன். கோப்பு முறைமை தன்னைப் பற்றிச் சொல்வதைவிட அந்த ஹேஷ் சொல்வதையே நம்புவது என்று முடிவு செய்திருந்தேன்.

ஒழுங்காக அன்மவுண்ட் செய்யப்பட்ட படிமத்தை ஆர்ஓ என்று மவுண்ட் செய்து கழற்றினால் ஹேஷ் மாறவில்லை. அதே படிமத்தை எழுதும் முறையில் மவுண்ட் செய்து, எதையும் தொடாமல் கழற்றினாலே மாறிவிட்டது. மவுண்ட் எண்ணிக்கையும் நேரமும் கோப்பு முறைமையின் தலைப்புக் குறிப்பான சூப்பர்பிளாக்கில் எழுதப்படுகின்றன. இவை இரண்டும் எதிர்பார்த்தவைதான்.

அழுக்கு ஜர்னலோடு, அதாவது இன்னும் ஓட்டப்படாத குறிப்புகளோடு, ஒரு படிமம் தயாரிப்பதில்தான் கவனம் தேவைப்பட்டது. 200 சிறு கோப்புகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எஃப்சிங்க் (அந்தக் கோப்பை வட்டில் உறுதிசெய்யச் சொல்லும் அழைப்பு) கொடுத்து, கழற்றாமலே உடனடியாகப் படிமத்தைப் பிரதி எடுத்தேன். இங்கே எல்லாவற்றையும் வட்டில் எழுதச் சொல்லும் சிங்க் கட்டளையைக் கொடுத்தால் சோதனை கெட்டுவிடும். ஜர்னலில் இருப்பவை அவற்றின் உரிய இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும். எஃப்சிங்க் மட்டும் கொடுத்தால் கோப்பின் தரவு தன் இடத்தில் எழுதப்படும். அடைவு, ஐநோடு போன்ற மீத்தரவு ஜர்னலில் மட்டும் பதிவாகி நிற்கும்.

அந்தப் பிரதியை ஆர்ஓ என்று மவுண்ட் செய்தபோது 200 கோப்புகளும் தெரிந்தன, ஹேஷ் மாறியிருந்தது. இன்னொரு பிரதியை லூப் சாதனமாக (கோப்பையே வட்டாகக் காட்டும் முறை) இணைத்து, சாதனத்தையே பிளாக்டெவ் கட்டளையால் எழுத முடியாதபடி பூட்டிவிட்டு மவுண்ட் செய்தபோது, எழுத வழியில்லை, தொடர இயலாது என்று ஈஎக்ஸ்டி4 மறுத்துவிட்டது. என் கார்டு முதல் தடவை மவுண்ட் ஆகாததன் காரணம் இதுதான். மூன்றாவது பிரதியைப் பூட்டிய சாதனத்தில், ஜர்னலை ஓட்டாமல் விடும் நோலோட் விருப்பத்தோடு மவுண்ட் செய்தேன். திறந்தது, ஹேஷ் ஒரு பிட்கூட மாறவில்லை. ஆனால் அடைவில், தானாக உருவாகும் லாஸ்ட்ஃபவுண்ட் தவிர எதுவுமே இல்லை. கிரெப் கொண்டு படிமத்துக்குள் தேடினால் 200 கோப்புகளின் உள்ளடக்கமும் அங்கேயே கிடக்கிறது, அவற்றின் பெயர்கள்கூட ஜர்னல் பகுதிக்குள் இருக்கின்றன. அவற்றை இணைத்துக் காட்ட வேண்டிய அடைவுத் தொகுதி மட்டும் பழைய நிலையில் நிற்கிறது. எஃப்சிங்க் வெற்றி என்று சொல்லிவிட்ட கோப்புகள் இவை என்பதை நினைத்துப் பார்த்தால், ஈஎக்ஸ்டி4 ஏன் மறுக்கிறது என்பது புரிகிறது. ஜர்னலை ஓட்டிய பிறகு கிடைப்பதுதான் அதன் பார்வையில் கோப்பு முறைமை. அதற்கு முன் வட்டில் இருப்பது பாதி வேலை. அந்த மறுப்பு சரியானது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆர்ஓ என்ற பெயர்தான் தவறான நம்பிக்கையைத் தருகிறது: அது கோப்புகளைப் பற்றிய வாக்குறுதி, சாதனத்தைப் பற்றியது அன்று.

2001-இல் 2.4.15 கெர்னலோடு வந்த முந்தைய பதிப்பான ஈஎக்ஸ்டி3-இலும் வழக்கம் இதுவேதான். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையும் ஆர்ஓ மவுண்டில் மீட்பைச் செய்கிறது, பூட்டிய சாதனத்தில் மறுக்கிறது. மீட்பைத் தவிர்க்கும் நோரெகவரி விருப்பத்தை ஆர்ஓ-வோடு சேர்த்தால் மட்டுமே ஏற்கிறது. பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையும் பூட்டிய ஊடகத்தில் பதிவை ஓட்ட முடியாவிட்டால் நின்றுவிடுகிறது. கோப்பு முறைமைகளை உருவாக்குவோர் பயன்படுத்தும் எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் தொகுப்பின் 050-ஆம் பொதுச் சோதனை ஏறக்குறைய இதே படிகளைத்தான் நடத்திப் பார்க்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதலிலேயே தெரிந்திருந்தால் ஒரு சனிக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே தடை வந்தால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. மவுண்ட் ஆகியிருக்கும் சாதனத்தைப் பிளாக்டெவ் கொண்டு பூட்டிப் பார்த்தேன்; எழுதுவது நிற்கவே இல்லை. ஏற்கெனவே எழுதும் முறையில் மவுண்ட் ஆன கோப்பு முறைமையை இந்தக் கட்டளை பாதிக்காது என்று அதன் கையேடே சொல்கிறது. ஆகவே வேண்டுமென்றே பிழை தரும் டிஎம்-ஃபிளேக்கி என்ற மெய்நிகர் சாதனத்தை அடியில் வைத்து, ஒரு கட்டத்தில் எழுதும் முயற்சிகள் எல்லாம் பிழையோடு திரும்பும்படி மாற்றினேன். அடுத்த நொடி ஒரு கோப்பை நகலெடுத்தேன். நகல் வெற்றி. படித்துப் பார்த்தால் உள்ளடக்கம் சரியாக வருகிறது. சில நொடிகள் கழித்து, ஜர்னல் தன் 5 நொடி இடைவெளியில் உறுதிசெய்ய முயன்றபோதுதான் பிழைகள் கொட்டின. ஜர்னல் கைவிடப்பட்டது, கோப்பு முறைமை படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாறியது. கழற்றி மறுபடி மாட்டியபோது அந்தக் கோப்பு இல்லை. நான் படித்தது நினைவகத்தில் இருந்த பக்கங்களை. எஃப்சிங்க் கொடுத்த நகலுக்கு மட்டும் பிழை முறையாகத் திரும்பியது.

கடைசியாக அந்தப் பிளாஸ்டிக் பூட்டு. எஸ்டி கார்டுக்குள் இருக்கும் சில்லுக்கு அந்தப் பூட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே தெரியாது. ரீடரில் உள்ள சிறு விசைதான் அதைத் தொட்டு உணர்ந்து, கணினிக்குச் சொல்ல வேண்டும். என்னிடம் இருந்த இரண்டு ரீடர்களில் ஒன்று சொன்னது. மற்றொன்று பூட்டிய கார்டில் கேட்டதையெல்லாம் எழுதித் தள்ளியது. மைக்ரோ எஸ்டியில் பூட்டே கிடையாது.

இப்போது யாராவது கார்டைக் கொண்டுவந்தால் முதலில் சாதனத்தைப் பிளாக்டெவ் கொண்டு பூட்டிவிட்டு, முழுப் பிரதி எடுத்து, ஹேஷைக் குறித்துக்கொள்கிறேன். தானாக மவுண்ட் செய்யும் வசதியை டெஸ்க்டாப்பில் அணைத்தாயிற்று. இல்லாவிட்டால் நான் கட்டளையைத் தட்டி முடிப்பதற்குள் அது ஜர்னலை ஓட்டி முடித்திருக்கும். பிரதியின்மேல் டிஎம்-ஸ்னாப்ஷாட் அடுக்கு ஒன்றை வைத்தால் மீட்பு எழுதுவதெல்லாம் அந்த அடுக்கோடு நின்றுவிடும், அடியில் இருப்பது அப்படியே இருக்கும். பூட்டை மதிக்காத ரீடரின்மேல் சிவப்பு டேப் ஒட்டி, மேசையின் கீழ் இழுப்பறையில் தனியாகப் போட்டிருக்கிறேன்.