போர்ட் ஆர்தரில் ஒரு மாலை

இன்று ஆஸ்திரேலியாவில், டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் இருக்கிறேன். எல்லோரும் பழைய சிறையைப் பார்க்க வருகிறார்கள். நானோ கூரையில்லாத ஓர் உணவகத்தின் வெறும் சுவர்களுக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். 1996 ஏப்ரல் 28 அன்று ஒருவன் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள் 35 பேர். பலர் இந்தச் சுவர்களுக்குள் இறந்தார்கள். பக்கத்தில் ஒரு சிறிய நீர்த்தடாகம்.

அப்போது ஜான் ஹோவர்ட் பிரதமராகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வலதுசாரித் தலைவர், துப்பாக்கி வைத்திருந்த கிராமத்து மக்கள் அவர் கூட்டணியின் வாக்காளர்கள். அவர்கள் கோபத்தைத் தாங்கிக்கொண்டு 12 நாட்களில் கடுமையான துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு எல்லா மாநிலங்களையும் ஒப்புக்கொள்ள வைத்தார். ஆறு லட்சத்துக்கும் அதிகமான துப்பாக்கிகளை அரசு பணம் கொடுத்து வாங்கி அழித்தது. அந்தத் துணிச்சலை நான் மனதார மதிக்கிறேன்.

நான் அமெரிக்கக் குடிமகள், டெக்சாஸ்வாசி. எங்கள் விமான நிலையங்களில் தண்ணீர் பாட்டிலைக்கூட விடமாட்டார்கள். 2023இல் அந்தச் சோதனைகளில் பயணிகளின் பைகளில் சிக்கிய துப்பாக்கிகள் 6,700க்கும் மேல். பெரும்பாலானவை குண்டு நிரப்பியவை. விமானத்துக்கு இருக்கும் இந்தக் காவல் வகுப்பறைக்கு ஏன் இல்லை? டெக்சாஸின் யுவால்டி ஊர்ப் பள்ளியில் 2022இல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் இழந்தோம். 21 வயது நிரம்பிய பெரும்பாலானோர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி ஏந்தலாம் என்ற எங்கள் மாநிலச் சட்டம் இன்றும் அப்படியே இருக்கிறது.

என் மகளுக்கு விளக்கணைத்த வகுப்பறையில் சத்தமின்றி ஒளிந்திருக்கத் தெரியும். பள்ளியில் பழக்கியிருக்கிறார்கள். ஆகஸ்டில் அவள் இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள்.